இலுப்பைக்கு வாய்த்த இரவுகள்

மாசி கடைசி

கண்மாய்க் கரை இலுப்பைகள் இலையை உதிர்த்து முடித்துவிட்டன. கிளை நுனிகளில் மட்டும் துரு நிறத்தில் மொட்டுகள், கொத்துக் கொத்தாகத் தலை கவிழ்ந்து நிற்கின்றன. தண்ணீர் மடைக்குப் பக்கத்தில் மட்டும் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை விட்டுப் போனதில் மிச்சம் அவ்வளவே. நிலம் ஈரத்தை இழந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில்தான் இந்த மரம் தன்னிடம் சேர்ந்த இனிப்பையெல்லாம் பூவாக்கி வெளியே தொங்கவிடப்போகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொல்லும்போது நாம் நம் வாயை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சர்க்கரையைத் தேடி முதலில் வருவது வௌவால்தான். அது வந்து போன பிறகு உதிர்ந்து கிடப்பதைத்தான் மனிதர்கள் காலையில் பொறுக்கியிருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் கரடியும் இந்தப் பூவைத் தேடி வருகிறது.

ஏன் இந்த மாதத்தில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இலையில்லாத மரத்தில் பூ மட்டும் இருந்தால், பறந்து வரும் அகலச் சிறகுக்கு வழி திறந்திருக்கிறது. காற்று வறண்டிருந்தால் மகரந்தம் நனையாது. இப்போது கருவுற்ற பூ ஆனி ஆடியில் பழமாகும். இலுப்பை விதைக்கு உயிர் சில வாரங்கள்தான். காய்ந்துபோனால் முளைக்காது. ஆகவே அது விழும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். பழத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் பூக்கும் காலம் பங்குனி, சித்திரையில் வந்து நிற்கிறது.

மரம் எண்ணிப் பார்த்துப் பூக்கவில்லை. தவறான மாதத்தில் பூத்தவை வாரிசில்லாமல் போயின. சரியான மாதத்தில் பூத்தவற்றின் வம்சம் மிஞ்சியது. அப்படிப் பார்த்தால் கரையில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் பழைய வானிலை ஒன்று பதிந்திருக்கிறது. அந்த வானிலை இந்த ஆண்டும் வரும் என்று நம்பித்தான் மொட்டு விட்டிருக்கிறது.

பங்குனி, முதல் பூ

பூவின் அமைப்பை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். துரு நிறப் புல்லிக்குள்ளிருந்து சூலகத் தண்டு நீண்டு வெளியே வந்துவிடுகிறது. அப்போது பூ இன்னும் விரியவே இல்லை. பெண் பாகம் முதலில் தயாராகிறது. ஆண் பாகம் பின்னால் வருகிறது. தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்க மரம் கண்ட ஏற்பாடு இது. பிறகு இரவில் அல்லிவட்டம் விரிகிறது. வெளிர் மஞ்சளில், தடிப்பாக, சாறு நிறைந்து இருக்கிறது. மகரந்தப் பைகள் அந்தச் சதைக்குள்ளேயே, அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வௌவால் தேனை நக்கிவிட்டுப் போவதில்லை. அல்லிவட்டத்தையே வாயால் கவ்வி இழுக்கிறது. லேசாகத் தொட்டாலே கழன்று வரும்படிதான் அது இருக்கிறது. மகரந்தப் பைகளும் அதோடு போய்விடுகின்றன. சூலகத் தண்டு மட்டும் கிளையிலேயே நிற்கிறது. மெல்லும்போது முகமெல்லாம் மகரந்தம். அந்த முகத்தோடு அடுத்த கொத்துக்குள் மூக்கை நுழைக்கையில், நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனி அதைத் தொட்டுவிடுகிறது. பூவின் ஒரு பகுதி தின்னக் கொடுப்பதற்கு, இன்னொரு பகுதி காத்துக்கொள்வதற்கு. இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த பூவை நான் வேறு கண்டதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து வௌவால் ஆய்வாளர்கள் இந்த மரத்தின் இரவு விருந்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மரத்தை இப்படிப் பொறுமையாகக் கவனிக்க ஆள் இருந்ததே எனக்கு நிறைவாக இருக்கிறது.

வருகிறவர்களில் இரண்டு வகையைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. பெரிய பழந்தின்னி வந்து உட்கார்ந்துவிடும். சண்டை போடும், கத்தும், ஒரே மரத்தில் வெகுநேரம் தின்னும். சிறிய குறுமூக்குப் பழந்தின்னி ஒரு பூவைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், நிம்மதியாகத் தொங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வரும். மரத்துக்கு மரம் மகரந்தம் போவது இந்தச் சின்னதின் ஓயாத போக்குவரத்தால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பெரியது விரட்டுவதால்தான் சின்னது வேறு மரம் தேடுகிறது. ஆகவே அந்தச் சண்டைக்கும் இதில் பங்கு உண்டு.

காற்று

பழந்தின்னிகளில் பெரும்பாலானவை ஒலி எழுப்பி எதிரொலி கேட்டு வழி காண்பவை அல்ல. குகைகளிலும் கோபுரங்களிலும் அடையும் ஒரு வகை மட்டும் நாக்கைச் சொடுக்கி இருட்டில் தடவிப் போகும். மற்றவற்றுக்குக் கண்ணும் மூக்கும்தான். இலுப்பைப் பூவின் வாசனையை நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புளித்த, கனத்த, கொஞ்சம் குமட்டவும் செய்கிற வாசம். மல்லிகையை ரசிக்கும் மூக்குக்காக அது உண்டாகவில்லை. அசைவில்லாத வெக்கை இரவில் அந்த வாசம் மரத்தைச் சுற்றிக் கனமாக நிற்கிறது. மெல்லிய காற்று இருந்தால் ஒரு பக்கமாக நீண்டு போகிறது. காற்று பலமாக அடித்தால் சிதறிவிடுகிறது.

நேற்று மேல்காற்று பலமாக இருந்தது. கொத்துகள் ஆடிக்கொண்டே இருந்தன. வந்தவை சில, அவையும் மரத்தைச் சுற்றிவிட்டு விலகின. கீழே விழுந்த பூக்களில் பெரும்பாலானவை பல் படாதவை. விடியுமுன் எப்படியும் பூ உதிர்ந்துவிடும். தின்னப்பட்டு உதிர்வது வேறு, யாரும் வராமல் உதிர்வது வேறு. ஒவ்வொரு பூவுக்கும் அல்லி விரிந்த இரவு ஒன்றே ஒன்று. ஆனால் மரத்துக்கு அப்படி இல்லை. ஒரே கொத்தில்கூட இன்று விரிந்தவற்றுக்குப் பக்கத்தில் நாளைக்கு உரியவையும் நாலு நாள் கழித்து விரியப்போகிறவையும் மொட்டாக இருக்கின்றன. இப்படிப் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, ஒரு கெட்ட இரவை இந்த மரம் ஏற்கனவே தன் கணக்கில் எழுதி வைத்திருப்பது தெரிகிறது.

பங்குனி உத்திரம்

இலுப்பை பூத்திருக்கும் நாட்களில் இரண்டு பெரிய நிலவுகள் வரக்கூடும். பங்குனி உத்திரம் ஒன்று, சித்ரா பௌர்ணமி ஒன்று. ஊர் முழுக்க விழித்திருக்கும் இரவுகள் அவை. காவடி, தேர், ஆற்றங்கரைச் சோறு என்று நாம் நிலவைக் கொண்டாடும் அதே இரவில் வௌவால் பூவுக்கு வரத் தயங்குகிறது.

இதைக் கவனித்து எழுதியவர்களும் மதுரைக்காரர்கள்தான். குறுமூக்குப் பழந்தின்னி நிலவொளியில் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது என்று இளங்கோவனும் மாரிமுத்துவும் 2001-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு சிங்காரவேலனும் மாரிமுத்துவும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பழத்தோட்டம் ஒன்றில் சந்திர கிரகணம் பிடித்த நேரத்தில் வௌவால்களின் வரத்து கூடியதை அது சொல்கிறது. ஒதுங்கியிருந்தவை, நிலவு மறைந்ததும் கிளம்பி வந்திருக்கின்றன. கிரகண நேரத்தில் நாம் சோற்றுப் பானையில் தர்ப்பையைப் போட்டு மூடி வைக்கிறோம். அவையோ அந்த நேரம் பார்த்துத்தான் சாப்பிடப் போயிருக்கின்றன. இதை வாசித்த நாளிலிருந்து கிரகணத்தை என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

வெளிச்சத்தைக் கண்டு ஏன் ஒதுங்க வேண்டும்? ஆந்தை இருக்கிறது. பூங்கொத்தில் தொங்கி மெல்லும் வௌவால், நிலவுக்கு எதிரே எடுப்பாகத் தெரியும். ஆகவே முழுநிலவு நாளில் ஒரு துண்டு மேகம் என்பது சின்ன விஷயமில்லை. மழை தராத வெறும் மேகம்கூட இந்த மரத்துக்கு உதவக்கூடும். இன்று இரவு பத்து மணிவாக்கில் தெற்கிலிருந்து மேகம் ஏறி நிலவை மூடியது. கொஞ்ச நேரத்தில் சிறகுச் சத்தம் கேட்டது. மேகத்தால்தான் வந்தன என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்கு எப்படியும் வந்திருக்கலாம். ஆனால் கேட்டபோது மனம் லேசானது.

கரைக்கு வரும் பாதையில் புதிதாக ஒரு எல்.இ.டி. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பாதைக்கு வெளிச்சம் வேண்டும். பாம்புக்குப் பயந்து நடப்பவர்களுக்கு அது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒளி மேலே சிதறி வடக்கு மரத்தின் ஒரு பாதியில் விழுகிறது. நிலவு தேய்ந்துவிடும், மேகம் வந்து மூடும். இந்த விளக்கு தேய்வதில்லை, இதை மூட மேகமும் இல்லை. கோஸ்டா ரிக்காவில் பழந்தின்னும் ஒரு வகை வௌவாலை வைத்துச் சோதித்தபோது, விளக்கு வெளிச்சம் விழுந்த பக்கத்துப் பழத்தை அது தவிர்க்கவே பார்த்தது. விளக்கின் மேல்பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு வைத்தால் பாதைக்கும் குறைவில்லை, மரத்துக்கும் இருட்டு கிடைக்கும். பஞ்சாயத்தில் கேட்க வேண்டும்.

சித்திரை, இடிமழை

மதியம் வரை உப்புசம். மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்து, மாலையில் இடியோடு கொட்டியது. கோடை மழைக்குக் கண்மாயும் ஊரும் சந்தோஷப்பட்டன. நானும்தான். மண் குளிர்ந்த வாசனையில் நின்றுகொண்டே மரத்தைப் பற்றிக் கவலைப்படுவது விசித்திரமாக இருந்தது.

மேகம் மூடிய மாலைகளில் வௌவால்கள் பல சற்று முன்னதாகவே கிளம்பும். வெளிச்சம் குறைவதுதான் அவற்றுக்குப் புறப்படும் அழைப்பு. ஆனால் மழையே விழுந்தால் கதை வேறு. நனைந்த வௌவால் பறக்க, உலர்ந்த வௌவாலைப் போல இரு மடங்கு சக்தி செலவழிக்க வேண்டியிருக்கிறது. 2011-ல் ஃபாய்க்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவரோடிருந்தவர்களும் இதை அளந்தார்கள். கோஸ்டா ரிக்கா விளக்குச் சோதனையில் ஈடுபடுத்திய அதே இனத்தை வைத்துத்தான் இதையும் பார்த்தார்கள். கூடுதல் செலவுக்கு உடம்பில் ஏறிய தண்ணீரின் எடை மட்டும் காரணமில்லை என்பது அவர்கள் முடிவு. மயிர் நனைந்தால் உடல் சூடு வேகமாகப் போய்விடும், அதை ஈடுகட்ட வேண்டும். நனைந்த உடம்பும் சிறகும் காற்றை முன்போல வெட்டிச் செல்வதில்லை. பாலூட்டும் தாய்க்கு இது தாங்க முடியாத செலவு. குறுமூக்குப் பழந்தின்னி ஆண்டுக்கு இரண்டு முறை ஈனும். முதல் ஈற்று மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. இந்த நாட்களில் மரத்துக்கு வரும் பெண் வௌவால்களில் பல குட்டி உள்ளவை. ஒரு இரவு முழுக்க மழை பிடித்தால் பட்டினி மரத்தடியிலேயே நின்றுவிடுவதில்லை, உறைவிடம்வரை போகும்.

மழைக்கு ஒதுங்க அவற்றுக்கும் வீடு உண்டு. இந்தச் சிறிய வௌவாலின் ஆண், பனை ஓலையையும் கூந்தற்பனைக் குலையையும் நெட்டிலிங்கத்துக் கொப்பையும் நாள் கணக்கில் கடித்துக் கடித்து வளைத்து ஒரு கூடாரம் கட்டும். பெண்கள் அதில் வந்து சேரும். தென்தமிழகத்தில் இதை 1990-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஓலையின் அடியில் உட்குழிவாக மென்று எடுத்த இடத்தில், மழையும் வெயிலும் படாமல், ஒரு குடும்பம். நம் ஊரில் பனையை வெட்டும்போது நுங்கு போச்சு, பதநீர் போச்சு என்றாவது வருந்துகிறோம். அந்த ஓலைக்கு அடியில் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்தவர் குறைவு.

மழை நின்றது ஒன்பது மணிக்கு. தொங்கும் பூவில் தண்ணீர் தங்கவில்லை. புல்லியின் மேல் விழுந்து வழிந்து நுனியில் சொட்டியது. மேல்நோக்கி விரிந்த பூவாக இருந்தால் நிறைந்திருக்கும். இந்தக் கவிழ்ந்த வடிவம் பழைய கோடை மழைகளை அறிந்த வடிவம். நள்ளிரவுக்கு முன்பே சிறகுச் சத்தம் வந்தது, பசியோடு, வழக்கத்தைவிட அவசரமாக.

இங்கிருந்து பத்து மலைக்கு

தைப்பூசத்துக்கு நம்மவர்கள் காவடி எடுக்கும் மலேசியாவின் பத்து மலைக் குகைகளில் தேனுண்ணும் வௌவால் ஒன்று இருக்கிறது. துரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பது அது. 1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் குகை வௌவால்கள் எந்தெந்தப் பூவுக்குப் போகின்றன என்று அவற்றின் எச்சத்திலிருந்த மகரந்தத்தை வைத்துத் தேடினார்கள். கடற்கரைச் சதுப்பு நிலத்து மரங்களுக்கு, ஏறக்குறைய 38 கி.மீ. தூரம்வரைகூட அவை போய் வருவது தெரிந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? துரியான் வானிலை பார்த்துப் பூக்கும் மரம். தொடர்ந்து சில நாள் மழையில்லாமல் காய்ந்தால்தான் அதற்குப் பூக்கும் எண்ணம் வரும். பூத்தாலும் சில வாரம்தான். மீதி மாதங்களில் வௌவால் என்ன செய்யும்? ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்துக்கொண்டே இருக்கும் சதுப்பு மரங்கள்தான் அதைக் காப்பாற்றுகின்றன. துரியான் பழம் விற்றுக் காசு பார்க்கிறவர் கடற்கரைச் சேற்றில் நிற்கும் மரத்தை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அந்தச் சேற்றை நிரப்பி மனை போட்டால் அவருடைய தோட்டத்தில் காய் குறையும்.

இதைப் படித்த பிறகு இலுப்பையைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது. கரையில் நிற்கும் மூன்று மரங்களைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அவை வௌவாலுக்கு ஆண்டில் ஒரு சில வாரச் சாப்பாடு. முன்னால் தை மாதத்தில் இலவம்பஞ்சு மரங்கள் இலையற்று நின்று இரவில் பூக்கின்றன; போடி, கம்பம் பக்கத்துத் தோப்புகளில் இரவு நின்றால் அந்தச் சந்தடி கேட்கும். இலவு காத்த கிளி பகலில் வந்து பஞ்சைப் பார்த்து ஏமாறுகிறது. வௌவால் பூவிலேயே தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் வேம்பு பழுக்கும், நாவல் பழுக்கும். இடையிடையே ஆலும் அத்தியும், முறை வைத்தது போல ஒன்று மாற்றி ஒன்று பழுக்கும். வாழைப் பூ எப்போதும் உண்டு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வானிலையால் பிந்தினாலும் முந்தினாலும் அடுத்தது தாங்கிக்கொள்ளும். கண்ணிகளே இல்லாவிட்டால் தாங்க ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் இலுப்பை குறைவாகப் பூத்தால், சாலையோர ஆல் வெட்டப்படாமல் இருந்தால்தான் அடுத்த ஆண்டு இலுப்பைக்கு வர வௌவால் மிச்சமிருக்கும்.

நான் எழுத வந்ததே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மழையிரவு, ஒரு காற்றிரவு, ஒரு நிலவிரவு, இவற்றை மரமும் வௌவாலும் சேர்ந்து தாங்கிவிடும். அதற்கான ஏற்பாடு இரண்டின் உடம்பிலும் இருக்கிறது. வானிலை கெடுவது முன்பும் நடந்ததுதான். கெட்ட வானிலையிலிருந்து ஒதுங்கிப் போய் நிற்க வேறு மரம் இருந்தது என்பதே முன்பிருந்த வித்தியாசம்.

கத்திரி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பூக்காலம் முடிந்தாயிற்று, செம்பு நிறத் தளிர் பச்சையாகிக்கொண்டிருக்கிறது, காய் பிடித்திருக்கிறது. இந்த நாட்களில் பார்க்க வேண்டியது வௌவாலின் பகலை.

பெரிய பழந்தின்னிகள் பொந்துக்குள் ஒளிவதில்லை. ஊருக்குக் கிழக்கே மருத மரங்களில் வெட்டவெளியில் தலைகீழாகத் தொங்குகின்றன. காலையில் சிறகைப் போர்த்திக்கொண்டு தூங்குபவை பதினோரு மணிக்கு மேல் ஒரு சிறகை விரித்து விசிறத் தொடங்குகின்றன. அவற்றுக்கு வியர்வை இல்லை. விசிறுவதும், எச்சிலை நக்கி உடம்பில் தடவிக்கொள்வதும், நிழல் பக்கம் நகர்வதும், வாய் திறந்து இளைப்பதும்தான் வழி. மாலையில் கண்மாய்க்கு மேலே தாழப் பறந்து வயிற்றைத் தண்ணீரில் தோய்த்து எடுக்கும். பிறகு அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கும். மடைப்பள்ளமும் வற்றிவிட்டால் அதுவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இந்த இனத்தின் உறவுகளுக்கு 42 டிகிரி ஒரு எல்லை என்று கண்டிருக்கிறார்கள். 2002 ஜனவரி 12 அன்று நியூ சவுத் வேல்ஸில் வெப்பம் அதைத் தாண்டியபோது ஒரே நாளில் 3,500-க்கும் மேற்பட்டவை செத்து விழுந்தன. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸ் நகரப் பகுதியில், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் கொண்ட இனத்தில் 23,000 அளவுக்கு இரண்டே நாளில் போயின. மழைக்காட்டு மரங்களுக்கு மகரந்தமும் விதையும் சுமந்தவை. ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் உயிர். இரண்டு நாள் இழப்பைத் திரும்பப் பெற எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டால் மனம் கனக்கிறது. அங்கே எண்ணினார்கள். நம்மிடம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு தீங்கு என்று எழுதி வைத்திருந்த ஒன்று வெயிலில் செத்து விழுந்தால் யார் எண்ணப்போகிறார்கள்?

சட்டத்தைவிட ஊர்கள் நல்லவையாக இருந்திருக்கின்றன. ஆலமரத்து வௌவால்கள் அஞ்சி ஓடிவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத கிராமங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. மருத மரத்தடியில் நின்று மேலே பார்க்கையில் நற்றிணையின் 87-ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. ஊர் மாமரத்தில் தூங்கும் வௌவால் ஒன்று, தொலைவில் அழிசி என்பவனின் காட்டில் தின்ற நெல்லியின் புளிப்பைக் கனவில் காண்கிறது. அந்தப் புலவர் வௌவாலை வெறுத்தவராக இருந்திருக்க முடியாது. பகலில் இங்கே தொங்கினாலும் அதன் மனம் வேறொரு மரத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்.

ஆனி

முதல் பழங்கள். மருத மரத்தடியில் இலுப்பைக் கொட்டை கிடக்கிறது. இலுப்பை மரமே இல்லாத இடம் அது. இலுப்பை எண்ணெய்க்குக் கொட்டை சேர்க்கும் அப்பத்தா ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏன் அப்பத்தா, கரையில மரத்தடியில பொறுக்காம இங்க வந்துட்டீங்க?”

“வவ்வா தின்னு போட்ட கொட்டைதான்யா நல்லது. நல்லாப் பழுத்ததாப் பாத்துத்தான் அது தூக்கும். சதையெல்லாம் தின்னுட்டுச் சுத்தமாப் போட்ருது, எனக்குக் கழுவுற வேல மிச்சம்.”

இந்த வருசம் எப்படி என்று கேட்டேன். “பங்குனி வெயில் சுட்டதுல பூவு சீக்கிரமே கொட்டிருச்சு. அந்தச் சித்திர மழைக்கி அப்புறம் பூத்தது நின்னுச்சு. இப்பக் காய்ச்சிருக்கதெல்லாம் அந்தப் பின்பூதான்” என்றார். நான் மழையைக் கண்டு பயந்த அந்த வாரத்துப் பூக்களைத்தான் சொல்கிறார். வருடக்கணக்காக இந்த மரங்களின் கீழ் குனிந்து நடந்தவரின் கணக்கு அது. என் குறிப்பேட்டைவிட அதை நம்புகிறேன்.

முளைக்கப் போட வேண்டும் என்றதும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். “காய விட்ராதய்யா. வெயில்ல போட்டா எண்ணெய்க்கு ஆகும், முளைக்காது. ஈரச் சாக்குல சுத்தி வச்சு இந்த வாரத்துக்குள்ள ஊண்டிரு.”

தொட்டிப் பைகளில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, விதைகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மூடியாயிற்று. பூக்கும் வயதுக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாகும். எங்கே நடுவது என்பதில்தான் யோசனை. விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், கண்மாயின் தென்கரையில், தண்ணீர் கடைசியாக வற்றும் பள்ளத்தை ஒட்டி இடம் இருக்கிறது. ஆனால் அங்கே இலுப்பையை மட்டும் நட்டால் போதாது. அதே வரிசையில் ஒரு நாவல், ஒரு அத்தி, சற்றுத் தள்ளி ஒரு ஆலங்கொம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். நாவல் கன்றுக்கு நர்சரியில் சொல்லியாயிற்று. ஆலங்கொம்பு மழை விழுந்த பிறகு.